‘ஜுண்டா’ என்றது யாரை?

ஆட்சியைப் பிடித்த தளபதிகள் ஒன்பது பேரும் செய்த முதல் வேலை, அரசாங்க அலுவலகங்களை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டதுதான். தண்ணீர் வாரியத்துக்குக் கடற்படைக்காரர் போனார், தண்ணீர் என்பதால். மின்சாரத்துக்கு ஒரு ஜெனரல், ரயிலுக்கு ஒரு பிரிகேடியர். எல்லாம் முடிந்த பிறகு, அரசு அகராதி அலுவலகம் என்று ஒன்று மிச்சம் கிடப்பது யாருக்கோ ஞாபகம் வந்தது. அதை மட்டும் விடுவானேன் என்று லாரிப் பிரிவில் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு கர்னலைப் பிடித்து அங்கே அனுப்பிவைத்தார்கள். ஒன்பது பேரும் தங்களுக்கு ‘தேச நலன் காக்கும் உயர் குழு’ என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். பெயர் வைப்பதில் மட்டும் எந்தக் குறையும் வைக்கவில்லை, பாவம்.

அகராதி அலுவலகம் தபால் நிலையத்துக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தது. தரையிலிருந்து கூரைவரை மர இழுப்பறைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் உள்ளங்கை அகல அட்டைகள். அந்த அட்டைகளுக்கு நடுவே இருபத்து நான்கு வருஷம் தள்ளியவர் நம் அட்டைக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் உண்டு. அலுவலக வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இருக்கவில்லை.

அந்த அலுவலகத்தில் ஒரே ஒரு விதிதான் விதி. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் அகராதியில் ஏறவேண்டுமானால் மூன்று அட்டை வேண்டும். மூன்று பேர் அந்தப் பொருளில் அந்தச் சொல்லை எழுதியிருக்க வேண்டும், அல்லது சொல்லியிருக்க வேண்டும். என்ன வாக்கியம், யார் சொன்னது, எங்கே, எந்தத் தேதி; வாயால் சொன்னதென்றால் சொன்னவர் கையெழுத்து. மூன்று இல்லாவிட்டால் கடவுளே நேரில் வந்து சிபாரிசு செய்தாலும் பொருள் ஏறாது. கல்யாணமான புதிதில் மனைவி கோபத்தில் ஒரு வார்த்தை சொல்ல, அது அவர் இழுப்பறையில் இல்லாத வார்த்தையாக இருக்க, மனுஷன் அட்டையும் பேனாவுமாகப் போய் அவள் முன்னால் நின்றார். அன்றைக்கு அவள் பேசாமல் போனவள்தான், நாலு நாள் கழித்துத்தான் வாய் திறந்தாள்.

கர்னல் வந்த அன்று எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்துப் பேசினார்.

“நான் பதினோரு வருஷம் லாரிகளை நடத்தினவன். வார்த்தையும் லாரிதான். ஒரு லாரிக்கு ஒரு லோடு. இங்க என்னடான்னா ஒரே வார்த்தைக்கு ஏழு அர்த்தம், எட்டு அர்த்தம்னு ஏத்தி வெச்சிருக்கீங்க. ஆக்ஸில் உடையாதா? மாசக் கடைசிக்குள்ள உபரி அர்த்தத்தை எல்லாம் இறக்கி ஸ்டோர்ல ஒப்படைக்கணும். ஆனா ஒண்ணு. விதி இருந்தா அதை நான் மீற மாட்டேன். விதியை மீறுறவனை எனக்குப் பிடிக்காது.”

கடைசி வாக்கியம் அட்டைக்காரருக்குப் பிடித்துப்போனது. மனுஷன் அவ்வளவு மோசமில்லை என்று வீட்டில் போய்ச் சொல்லவும் செய்தார்.

இந்த நேரம் பார்த்துத்தான் அவருடைய மச்சினன் மாட்டிக்கொண்டான். மனைவிக்கு ஒரே தம்பி. முனைத் தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவன். கை எவ்வளவு சுத்தமோ அவ்வளவு நீளம் வாய். ஒரு காலை, கடை ரேடியோ உயர் குழுவின் அறிவிப்பைப் படித்துக்கொண்டிருக்க, பெஞ்சில் காத்திருந்த ஒருவர் ஒன்றும் தெரியாதவராகக் கேட்டார்: “இந்த மாதிரி பட்டாளத்துக்காரங்க ஒண்ணா சேந்து ஆட்சி பண்ணா அதுக்கு என்னப்பா பேரு?” இவன் கத்தியை வாரில் தீட்டிக்கொண்டே, “ஜுண்டாம்பாங்க” என்றான். நாற்காலியில் பாதி முகம் மழித்தும் பாதி முகம் நுரையுமாகச் சாய்ந்திருந்தவன் ஒரு சிப்பாய். அவன் துண்டை உதறிவிட்டு எழுந்து, “உன்னைக் கைது பண்றேன்” என்றான். நுரையோடு அழைத்துப் போனானாம். தெருவே பார்த்தது.

குற்றம், உயர் குழுவை இழிசொல்லால் திட்டியது. நிரூபணமானால் தண்டனை ஐந்து வருஷம்.

வழக்கில் முதல் சிக்கல் அந்தச் சிப்பாயின் முகம். பாதி மழித்த முகம் சம்பவம் நடந்ததற்குச் சான்றுப் பொருள். தீர்ப்பு வரும்வரை அதை மாற்றக் கூடாது என்று அரசு வழக்கறிஞர் எழுதிவிட்டார். முகமா அதைக் கேட்கும்? மழித்த பக்கமும் வளர ஆரம்பித்தது. உடனே இன்னொரு உத்தரவு: இடது கன்னத்தைத் தினமும் மழிக்க வேண்டும், வலது கன்னத்தில் கத்தி படக் கூடாது. ஊரில் இருந்த முடிதிருத்துபவர்கள் யாரும் சான்றுப் பொருளைத் தொட மாட்டோம் என்று கையை விரித்தார்கள். கடைசியில் தினமும் காலையில் சிப்பாய் சிறைக்குப் போய், தான் பிடித்துக் கொடுத்தவனிடமே இடது கன்னத்தை மழித்துக்கொண்டு வந்தான்.

இரண்டாவது சிக்கல் நீதிபதி. ஓய்வுபெற ஐந்து மாதமே இருந்த அந்த அம்மாள், எப்போது பார்த்தாலும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பவர். கோப்பைப் புரட்டிவிட்டு, “ஜுண்டான்னா என்னன்னு எனக்கு எப்படித் தெரியும்? அது திட்டா, இல்லையா? அகராதி அலுவலகத்தைக் கேளுங்க. பொருளும் பிறப்பும் ஏழு நாள்ல வரணும்” என்று எழுதிவிட்டார்.

கடிதம் வந்த நாள் காலையில் அட்டைக்காரரின் மனைவி அடுப்படியில் பாத்திரங்களை வைத்த சத்தத்திலேயே விஷயம் தெரிந்தது.

“என்னங்க, அந்தக் கடுதாசி உங்க ஆபீசுக்குத்தானே வருது?”

“ஆமா.”

“ஒரு நல்ல அர்த்தமா எழுதி அனுப்புங்க. அம்புட்டுத்தான்.”

“அப்படியெல்லாம் எழுத முடியாதும்மா. மூணு அட்டை…”

“பேய்க்கு வாழ்க்கைப்பட்டா புளியமரம் ஏறணுமாம். அட்டைக்கு வாழ்க்கைப்பட்டவ நான். இத்தனை வருஷம் ஒண்ணும் கேட்கல உங்களை. என் தம்பி அஞ்சு வருஷம் உள்ள கிடந்தான்னா, வந்து உங்க இழுப்பறையிலேயே படுத்துக்கங்க. வீட்டுக்கு வர வேணாம்.”

அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலுவலகம் போனார். பயத்தோடுதான் ‘ஜ’ வரிசை இழுப்பறையைத் திறந்தார். அந்த வரிசை இன்னும் அச்சேறவில்லை, அட்டைகளாகத்தான் கிடந்தது. பார்த்தால், அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருபத்து நான்கு வருஷத்தில் விதியும் குடும்பமும் ஒரே பக்கம் நின்றது அன்றைக்குத்தான்.

கர்னல் முன்னால் போய் நின்று விளக்கினார். “சார், இது ஸ்பானிய வார்த்தை. ‘சேர்ந்தது’ங்கிற அர்த்தத்துல லத்தீன்ல இருந்து வந்தது. மொதல்ல இதுக்கு அர்த்தம் கூடி உக்காந்து யோசிக்கிற சபை, அவ்வளவுதான். இருநூறு வருஷம் முன்னாடி ஒரு அந்நிய ராஜா அவங்க நாட்டைப் பிடிச்சப்ப, ஊர் ஊரா ஜனங்க சபை கூடி எதிர்த்து நின்னாங்க. அந்தச் சபைக்கெல்லாம் இதுதான் பேரு. ரொம்ப மரியாதையான வார்த்தை. இந்த அர்த்தத்துக்கு மூணு அட்டை இருக்கு.”

“அப்புறம் எப்படி இது திட்டாச்சு?”

“பின்னாடி பல நாட்டுல ஜெனரல்கள் ஆட்சியைப் பிடிச்சுட்டு, தாங்களும் ஒரு சபைன்னு அதே பேரை வெச்சுக்கிட்டாங்க. அவங்க பண்ணின பண்ணுல பேரு கெட்டுப்போச்சு. ஆனா அந்த அர்த்தத்துக்கு நம்மகிட்ட ரெண்டு அட்டைதான் சார். பழைய பத்திரிகையில வந்தது. மூணாவது இல்ல. அதனால அது ஏறாது.”

கர்னலுக்குப் பரம சந்தோஷம். ஒரு லாரி, ஒரு லோடு. ‘கூடி அமரும் சபை’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். அதற்குள் விஷயம் எப்படியோ வெளியே கசிந்து, தொலைபேசி மணி அடித்தது. அரசு வழக்கறிஞர்.

“கர்னல், என்ன காரியம் பண்றீங்க? சபைன்னு மட்டும் எழுதினா அவன் நம்மளைச் சபைன்னுதானே சொன்னதா ஆகும்? நாமளே நம்மளைக் குழுன்னுதான் சொல்லிக்கிறோம். விட்ருவாங்க அவனை. அந்த ரெண்டாவது அர்த்தம் எனக்கு வேணும்.”

“அதுக்கு மூணாவது அட்டை இல்லையே.”

“கண்டுபிடிங்க.”

கர்னல் விதியை மீறாதவர். மூன்றாவது அட்டை இல்லாமல் பொருளை ஏற்றச் சொல்லி அவர் வாய் தவறியும் சொல்லவில்லை. அதற்குப் பதில் இருபது சிப்பாய்களுக்கு ஆளுக்கு ஒரு கட்டு அட்டை கொடுத்துச் சந்தைக்கு அனுப்பினார். ஜனங்களை ‘ஜுண்டா’ என்று சொல்லவைத்து, கையெழுத்து வாங்கிவர வேண்டும். அந்த வார்த்தையைச் சொன்னதற்குத்தான் ஒருவன் உள்ளே இருக்கிறான் என்பது ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

“ஏம்மா, நம்ம தேசத்துல இப்ப நடக்கிற ஆட்சிக்குப் பேரு என்ன?” என்று துப்பாக்கியை மாட்டிக்கொண்டு கேட்டால் காய்கறிக்காரி என்ன சொல்வாள்? “நல்லாட்சிங்க” என்றாள். செருப்புத் தைப்பவர், எனக்கு இரண்டு காதும் கேட்காது என்று எழுதிக் காட்டினார். பஸ் நடத்துநர் ஒருவர், “சில்லறை இல்லைன்னா இறங்கிக்கங்க” என்று பேச்சை மாற்றினார். பயமில்லை, தைரியமாகச் சொல்லுங்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தபோது கடைகளை எல்லாம் சாத்திவிட்டார்கள். மூன்று நாளில் நானூற்றுப் பன்னிரண்டு அட்டை சேர்ந்தது. எல்லாவற்றிலும் ‘நல்லாட்சி’. ‘நல்லாட்சி’ என்ற சொல்லுக்குப் புதிதாக ஒரு பொருள் கிடைத்திருப்பதாக அட்டைக்காரர் மனசுக்குள் குறித்துக்கொண்டார், ஆனால் வெளியே சொல்லவில்லை.

“உங்க மச்சினன் சொன்னதையே அட்டையா எழுதிட்டா?” என்று கர்னல் கேட்டார். உறவு அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

“வழக்குல இருக்கிறது கோர்ட்டோட சொத்து சார். தீர்ப்பு வராம இழுப்பறையில போட முடியாது. விதி.”

“விதின்னா விதிதான்” என்றார் கர்னல், வருத்தத்தோடு.

ஆறாம் நாள் அட்டைக்காரர் சிறைக்குப் போய் மச்சினனைப் பார்த்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் சிப்பாயின் இடது கன்னத்தைத் துடைத்து அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான்.

“மாப்ளே, மூணாவது அட்டை அவங்களுக்குக் கிடைக்கல. நாளைக்கு நீ வாயை மூடிக்கிட்டு நின்னாப் போதும். பொதுவாச் சொன்னேன், யாரையும் மனசுல வெச்சுச் சொல்லலன்னு சொல்லிரு.”

“யாரையும் இல்லைன்னு எப்படி அத்தான் சொல்றது? அவங்களைத்தானே சொன்னேன்.”

“மெதுவாப் பேசுடா.”

“பொய் சொன்னா கை நடுங்கும் எனக்கு. கத்தி பிடிக்கிறவன் கை நடுங்கலாமா?”

கேட்டவர், இருபத்து நான்கு வருஷம் ஒரு பொய் அட்டை எழுதாத மனுஷன். வாங்கிவந்த பழத்தைக் கம்பி வழியாக நீட்டிவிட்டுத் திரும்பினார். வழியெல்லாம், ஒரே ஒரு பொய் சொல்லித் தொலையேன்டா என்று மனசு அரற்றிக்கொண்டே வந்தது. அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

ஏழாம் நாள் நீதிமன்றத்தில் கூட்டம் கொள்ளவில்லை. மனைவி முன் பெஞ்சில் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அகராதி அலுவலகத்தின் தலைவர் என்ற முறையில் கர்னலைக் கூண்டுக்கு அழைத்தார்கள். பக்கத்தில் அட்டைகளோடு அட்டைக்காரர் நின்றார்.

“ஏற்கப்பட்ட பொருள், கூடி அமரும் சபை. ரெண்டாவது பொருளுக்குச் சான்று போதவில்லை” என்று கர்னல் கடனே என்று படித்தார். அட்டைக்காரருக்கு உயிர் வந்தது. மனைவி பெருமூச்சு விட்டாள்.

அரசு வழக்கறிஞர் எழுந்தார். “கர்னல், அகராதி கிடக்கட்டும். இவ்வளவு அனுபவம் உள்ளவர் நீங்க. ஜுண்டான்னா என்னன்னு உங்களுக்கே தெரியாதா?”

தெரியாதா என்று கேட்டால் கர்னலுக்குப் பொறுக்காது. கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“ஏன் தெரியாது? ஜுண்டாங்கிறது ரொம்பக் கேவலமான கும்பல். யாரும் கூப்பிடாம வருவானுங்க. வந்ததும் மொத வேலையா ரேடியோ நிலையத்தைப் பிடிப்பானுங்க. தேர்தலை அப்புறம் பாத்துக்கலாம்பானுங்க. ஆளுக்கு ஒரு ஆபீஸை எடுத்துக்கிட்டு, ஒண்ணுமே தெரியாத வேலையில போய் உக்காந்துக்குவானுங்க. வாயைத் திறந்தா முடிவெட்டுறவனைக்கூட உள்ள தூக்கிப் போடுவானுங்க. அதுதான் ஜுண்டா.”

“கொஞ்சம் மெதுவா, கர்னல்” என்றார் நீதிபதி அம்மாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. “‘ஒண்ணுமே தெரியாத வேலையில’ வரைக்கும்தான் எழுதியிருக்கேன்.”

கர்னல் மறுபடி, நிறுத்தி நிதானமாக, விரல்விட்டுச் சொன்னார். பின் பெஞ்சில் யாருக்கோ இருமல் வந்தது. அப்புறம் அந்த வரிசை முழுக்க இருமல் வந்தது.

அரசு வழக்கறிஞர் முகத்தில் வெளிச்சம். “அம்மா, இது வாயால் சொன்ன சான்று. மூணாவது அட்டை கிடைச்சாச்சு.” அட்டைக்காரர் பக்கம் திரும்பி, “எழுதுய்யா” என்றார்.

அட்டைக்காரர் ஒரு புது அட்டையை எடுத்தார். சொன்னது சொன்னதுதான். வாக்கியம் இருக்கிறது, ஆள் இருக்கிறார், இடமும் தேதியும் இருக்கின்றன. எழுதினால் மச்சினனுக்கு ஐந்து வருஷம். எழுதாவிட்டால் இத்தனை வருஷமும் அவர் எழுதினதெல்லாம் பொய். முன் பெஞ்சிலிருந்து மனைவி அவரைப் பார்த்த பார்வையை எந்த அட்டையிலும் எழுத முடியாது. ஒரு சொல் விடாமல் எழுதி முடித்துக் கர்னலிடம் நீட்டினார்.

“விதிப்படி சொன்னவர் கையெழுத்துப் போடணும் சார்.”

கர்னல் பதவியையும் சேர்த்து எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டார். மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நீதிபதி அம்மாள் அட்டையை வாங்கிப் படித்தார். “சரி, பொருள் உறுதியாச்சு. இனி ஒரே கேள்விதான். கர்னல், இந்தச் சொல் நம்ம உயர் குழுவைக் குறிக்குமா?”

“நிச்சயமா குறிக்…” என்று கர்னல் ஆரம்பித்தார். அரசு வழக்கறிஞர் ஓடிவந்து அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

“அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க” என்றார் நீதிபதி. “குறிக்கும்னு சொன்னீங்கன்னா, இந்த அட்டையில இருக்கிற அத்தனையும் உயர் குழு செஞ்சதா நீங்களே சாட்சி சொல்லிக் கையெழுத்தும் போட்டிருக்கீங்கன்னு எழுதணும். குறிக்காதுன்னு சொன்னீங்கன்னா, இந்த ஆள் உங்களை ஒண்ணுமே சொல்லல.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும்தான் படிக்கிறோம். கர்னலும் படித்திருப்பார். அவர் வேர்த்து விறுவிறுத்துத் தொலைபேசி கேட்டார். உயர் குழு உடனடியாகக் கூடியது. ஒன்பது பேரும் கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரம் கூடி அமர்ந்து யோசித்தார்கள். பதில் வந்தது.

“குறிக்காது” என்றார் கர்னல், தரையைப் பார்த்து. “அது வேற எங்கயோ, வேற நாட்டுல இருக்கிறவங்களை.”

நீதிபதி குற்றவாளிக் கூண்டுப் பக்கம் திரும்பினார். “ஏம்ப்பா, நீ சொல்லு. யாரைச் சொன்ன?”

அட்டைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். இந்தப் பயல் பொய் சொல்ல மாட்டான். கிணறு தாண்டுகிறவன் முக்கால் கிணறு தாண்டி நிற்கிறான், அதிலேயே விழத்தான் போகிறான் என்று நினைத்தார்.

மச்சினன் தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டான். கை நடுங்கவில்லை.

“கர்னல் ஐயா விலாவாரியாச் சொன்னாரேம்மா, கூப்பிடாம வந்தவங்க, ரேடியோவைப் பிடிச்சவங்கன்னு? அவங்களைத்தான் சொன்னேன். ஒரு எழுத்து முன்னப்பின்ன இல்லாம அவங்களையேதான்.”

“அவங்க வேற நாட்டுல இருக்காங்கன்னு கர்னலே சொல்லிட்டார்” என்று நீதிபதி எழுதிக்கொண்டார். “வேற நாட்டுக்காரங்களைத் திட்டினா இங்க குற்றமில்ல. நீ போகலாம். இந்தச் சிப்பாய்க்கு முகத்தை முழுசா மழிச்சு விட்டுட்டுப் போ.”

மனைவி தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அட்டைக்காரரைப் பார்த்து, “எழுதினீங்களே, பாவி மனுஷா” என்றாள். ஆனால் அன்றைக்குச் சாப்பாடு போட்டாள். முன்போல நாலு நாள் பேசாமலெல்லாம் இருக்கவில்லை.

தீர்ப்பு உயர் குழுவுக்குத் தலைவலியாகப் போய்விட்டது. ‘ஜுண்டா’ தங்களைக் குறிக்காது என்று அவர்களே கோர்ட்டில் சொல்லியாயிற்று. இனி அதைச் சொன்னதற்காக யாரையாவது பிடித்தால், குறிக்கும் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே எல்லாப் படைப்பிரிவுகளுக்கும் ஒரு சுற்றறிக்கை போனது: மேற்படி சொல் நம்மைக் குறிப்பதன்று. அது காதில் விழும்போது யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பிப் பார்ப்பவர் அச்சொல்லைத் தம்மீது ஏற்றுக்கொண்டவராகக் கருதப்பட்டு ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாவார்.

சுற்றறிக்கை எப்படியோ ஊருக்குள் வந்துவிட்டது. முதலில் யாரும் நம்பவில்லை. செருப்புத் தைப்பவர்தான் ஒரு காவல் சாவடிக்குப் பக்கத்தில் நின்று, தும்முகிற மாதிரி ஒருமுறை சொல்லிப் பார்த்தார். காவலுக்கு நின்றவன் ஆகாயத்தைப் பார்த்தான். மறுநாள் அவர் தும்மாமலேயே சொன்னார்.

இரண்டு நாள் கழித்து மச்சினன் கடையை மறுபடி திறக்கக் கிளம்பினான். அக்காவும் கூடவே போனாள். கதவு திறக்கும்வரை பக்கத்தில் நிற்காவிட்டால் அவளுக்கு மனசு ஆறாது. அட்டைக்காரரும் அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பின்னால் நடந்தார். முனைத் தெருவில் போய்ப் பார்த்தால், ராணுவ லாரி ஒன்று கடைக் கதவை அடைத்துக்கொண்டு நின்றது. மேலே பன்னிரண்டு சிப்பாய்கள், துப்பாக்கியும் தலைக்கவசமுமாக.

மச்சினன் நின்றுவிட்டான். இத்தனை நாள் சிறை, என்னதான் வாய் நீளமானாலும், ஆளைக் கொஞ்சம் அடக்கித்தான் வைத்திருந்தது. “அப்புறம் வரலாம் அக்கா” என்றான் மெல்ல. அட்டைக்காரரும், “ஆமாம்மா, சாயங்காலம் வரலாமே” என்றார்.

அவள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு லாரியை நோக்கி நடந்தாள்.

“ஏப்பா, ஜுண்டாக்காரங்களா” என்றாள். தெருவுக்கே கேட்டது. “வண்டியை ஓரமா எடுங்க. என் தம்பி கடை திறக்கணும்.”

பன்னிரண்டு பேரில் ஒருவன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் கழுத்தை விறைத்துக்கொண்டு நேராகவே பார்த்திருந்தார்கள். லாரி மட்டும் உறுமிக்கொண்டு கிளம்பி, மெல்ல ஓரமாக ஒதுங்கி நின்றது.